அப்பா பெயரில் இருக்கும் வீட்டை விற்க வேண்டும். போர்டு மாட்டுவதற்கு முன் என்னென்ன பேப்பர் தயாராக இருக்க வேண்டும்?

#1 சேலையூரான்

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரத்தை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனை, கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒன்று. அப்பா 1984இல் மனை வாங்கி 1991இல் கீழ்வீட்டைக் கட்டினார். மாடி 2003இல் எடுத்தது. அப்பா 2016இல் காலமானார், உயில் எதுவும் எழுதவில்லை. அம்மா என்னோடு இருக்கிறார். அக்கா சிங்கப்பூரில். அண்ணன் 2021 கொரோனாவில் போய்விட்டார். அண்ணியும் பத்தாவது படிக்கும் மகளும் திருச்சியில் இருக்கிறார்கள். விற்பதில் எல்லோருக்கும் சம்மதம், சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை.

கையில் இருப்பது: 1984 கிரயப் பத்திரம் அசல், அப்பா பெயரில் பட்டா, வீட்டுவரி ரசீது, இ.பி. கார்டு, 2016இல் வாங்கிய வாரிசுச் சான்று, கீழ்வீட்டுக்கு பிளான். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது.

புரோக்கர், "பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், முதல்ல போர்டை மாட்டுங்க" என்கிறார். மாட்டலாமா? இல்லை, வேறு ஏதாவது முதலில் செய்ய வேண்டுமா?

#2 இடம்பொருள்

சார், நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். அசல் பத்திரம் கையில், பட்டா கையில், வாரிசுச் சான்று கையில். தாராளமாக மாட்டலாம். பார்ட்டி வந்து விலை படிந்து அட்வான்ஸ் கை மாறிய பிறகு மூன்று மாதம் டைம் வாங்கி மீதி வேலையைப் பார்க்கலாம். எல்லாப் பேப்பரையும் சேர்த்துவிட்டுத்தான் விற்பேன் என்றால் எந்த வீடும் விற்காது.

#3 பத்திரப்பித்தன்

இடம்பொருள் தம்பி சொல்வது ஒரே ஆள் பெயரில் இருக்கும் வீட்டுக்குச் சரி. இது வாரிசுச் சொத்து. நான் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஆவண எழுத்தராகக் காலம் தள்ளியவன். அட்வான்ஸ் வாங்கிய பிறகு நின்றுபோன கிரயங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

சேலையூரான் தம்பி, ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் பேப்பரைப் படிக்கப்போவது வீடு வாங்க வருகிறவர் இல்லை. அவர் சமையலறையையும் வாஸ்துவையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல்தான் வரிக்கு வரி படிப்பார். அந்த வக்கீல் என்ன கேட்பாரோ அதை இப்போதே நீங்கள் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை, வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் பார்க்கலாம், பார்ப்பதற்குக் காசு கிடையாது. 1984இலிருந்து போடாதீர்கள், 1975இலிருந்தே போடுங்கள். அப்பாவுக்கு விற்றவர் யாரிடம் வாங்கினார் என்பதும் தெரிய வேண்டும். உங்கள் சர்வே எண் ஒரு காலத்தில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கலாம். அலுவலகம் பிரிந்திருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

அடுத்தது தாய்ப்பத்திரம், அதாவது அப்பாவுக்கு விற்றவர் அந்த மனையை வாங்கிய பத்திரம். 1984 பத்திரத்தின் உள்ளே "இன்ன வருடத்து இன்ன எண் கிரயப் பத்திரப்படி எனக்குப் பாத்தியப்பட்ட" என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் எடுத்து வையுங்கள்.

இனி ஒரு கேள்வி. 2016இல் அப்பா இறந்தபோது அவருடைய அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தாரா?

#4 சேலையூரான்

இருந்தார் ஐயா. 2019இல்தான் இறந்தார். வாரிசுச் சான்றிலும் அவர் பெயர் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள்?

#5 கூடல் வழக்கறிஞர்

ஐயா ஏன் கேட்டார் என்று நான் சொல்கிறேன். மதுரையில் இரண்டு வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியன் (சொத்தின் உரிமை சரியாக இருக்கிறதா என்ற சட்டக் கருத்து) எழுதிக்கொடுக்கிறேன். நான் திருப்பி அனுப்பும் ஃபைல்களில் அடிக்கடி வருவது இந்தப் பாட்டி விவகாரம்தான்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 8. ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன்கள், மகள்கள், அதோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு. தந்தைக்கு அந்த இடம் கிடையாது, தாய்க்கு உண்டு. ஆக உங்கள் வீடு 2016இல் ஐந்தாகப் பிரிந்துவிட்டது: அம்மா, அக்கா, அண்ணன், நீங்கள், பாட்டி. ஆளுக்கு 1/5.

2019இல் பாட்டி இறந்தபோது அவருடைய 1/5 உங்களிடம் திரும்பி வரவில்லை. அது பாட்டியின் சொத்து. பிரிவு 15இன்படி அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும், முன்பே இறந்த பிள்ளையின் பிள்ளைகளுக்கும் போகும். பாட்டிக்கு உங்கள் அப்பாவைத் தவிர வேறு பிள்ளைகள் உண்டா? தாத்தா எப்போது இறந்தார்? பாட்டி உயில் ஏதும் எழுதினாரா?

#6 சேலையூரான்

தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். பாட்டிக்கு உயில் எழுதும் பழக்கமெல்லாம் இல்லை. ஒரு சித்தப்பா விழுப்புரத்தில், ஒரு அத்தை புதுச்சேரியில். இருவரும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் இது முழுக்க அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு. சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் இதில் பங்கா?!

#7 கூடல் வழக்கறிஞர்

ஆமாம். பாட்டியின் 1/5 மூன்றாகும். சித்தப்பாவுக்கு 1/15, அத்தைக்கு 1/15, உங்கள் அப்பாவின் கிளைக்கு 1/15. அந்தக் கடைசி 1/15 அக்கா, அண்ணன், நீங்கள் என மூவருக்குள் போகும். அம்மாவுக்கு அதில் கிடையாது. மருமகள் அந்த வரிசையில் வரமாட்டார்.

இன்னும் முடியவில்லை. 2021இல் அண்ணன் இறந்தார். அவர் கையில் அப்போது 1/5ம் 1/45ம் சேர்ந்து 2/9 இருந்தது. அதற்கு வாரிசு அண்ணி, மகள், பிறகு உங்கள் அம்மா. இங்கே அம்மா, இறந்த மகனின் தாய் என்ற முறையில் வருகிறார். ஆளுக்கு 2/27. ஆகக் கிரயப் பத்திரத்தில் விற்பவர்கள் என்று எழுதினால் அம்மா, அக்கா, நீங்கள், அண்ணி, அண்ணன் மகள், சித்தப்பா, அத்தை, ஏழு பேர். இதில் ஒருவர் மைனர்.

வாரிசுச் சான்றும் ஒன்று போதாது. அப்பாவுக்கு இருப்பது போலவே பாட்டிக்கும் அண்ணனுக்கும் தனித்தனி இறப்புச் சான்று, தனித்தனி வாரிசுச் சான்று வேண்டும். தாசில்தார் அலுவலகம்தான் கொடுக்க வேண்டும், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். பாட்டி எந்த ஊரில் வசித்தாரோ அந்தத் தாலுகா.

#8 மதுரை மைனர்

தலை சுற்றுகிறது. நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பெரிய அக்காவுக்கு 1985இல் கல்யாணம் ஆனது. "1989க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு இல்லை" என்று மாமா அடித்துச் சொல்கிறார். நிஜமா?

#9 கூடல் வழக்கறிஞர்

உங்கள் மாமா பாதிக் கதையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அதில்தான் 25.3.1989க்கு முன் திருமணமான பெண்களை விலக்கினார்கள். 2005 மத்தியத் திருத்தமும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்த பிறகு அந்தக் கணக்கே மாறிவிட்டது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் இல்லாமல் இறந்த சொத்தில் மகளுக்கு 1956இலிருந்தே சமபங்கு. கல்யாணத் தேதிக்கு அங்கே வேலையே இல்லை. அக்கா கையெழுத்து இல்லாமல் எந்தப் பேப்பரையும் என் மேசைக்கு அனுப்பாதீர்கள் :)

#10 இடம்பொருள்

இவ்வளவு கணக்கு எதற்கு சார். சித்தப்பாவிடமும் அத்தையிடமும் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் முடிந்தது. மைனர் பொண்ணுக்கு அம்மா இருக்கிறார், கார்டியனாகக் கையெழுத்துப் போடட்டும். எத்தனையோ பத்திரம் அப்படிப் பதிவாகி இருக்கிறது.

#11 பத்திரப்பித்தன்

பதிவாகும் தம்பி. பதிவாவது வேறு, நிற்பது வேறு.

விடுதலையை முதலில் பேசுவோம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய தொகை இது. ஆனால் இந்தச் சலுகைக்கு 'குடும்பம்' என்று எடுத்துக்கொள்ளும் உறவுப் பட்டியல் குறுகியது. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று போகும். சித்தப்பா அண்ணன் மகனுக்கு எழுதிக்கொடுக்கும் விடுதலைக்கு இந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி முத்திரைத்தாள் வாங்காதீர்கள்.

தவிர, வெளியாளுக்குத்தானே விற்கப்போகிறீர்கள், நடுவில் விடுதலை எதற்கு? சித்தப்பாவும் அத்தையும் நேராகக் கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். அவர்கள் பங்குக்குரிய பணத்தை அவர்கள் கணக்கில் வாங்கி உங்களுக்குக் கொடுக்கிறார்களா, வைத்துக்கொள்கிறார்களா என்பது குடும்பத்துக்குள் பேசிக்கொள்ள வேண்டியது. இதை இப்போதே பேசுங்கள். வீட்டு வாசலில் போர்டு தொங்கி, விலை இத்தனை லட்சம் என்று ஊருக்கே தெரிந்த பிறகு "சித்தப்பா, ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று போய் நிற்பது வேறு மாதிரி இருக்கும். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும், அவருக்கும் மருமகன்கள் இருப்பார்கள்.

#12 கூடல் வழக்கறிஞர்

> மைனர் பொண்ணுக்கு அம்மா இருக்கிறார், கார்டியனாகக் கையெழுத்துப் போடட்டும்

இதை யாரும் பின்பற்ற வேண்டாம். இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 8: மைனரின் அசையாச் சொத்தை இயற்கைக் காப்பாளரே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. மீறி விற்றால், அந்தப் பெண் 18 வயதான பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு அந்த அளவுக்குக் கிரயத்தை ரத்து செய்யலாம். 2/27 பங்குதான். ஆனால் அந்த 2/27 தொங்கிக்கொண்டிருக்கிற வரை எந்த வங்கியும் மீதி 25/27க்குக் கடன் கொடுக்காது.

இரண்டு வழி. ஒன்று, அண்ணி மனுதாரராக, சொத்து இருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்தில் அனுமதி கேட்பது. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். விற்பதால் பிள்ளைக்கு என்ன நன்மை என்று நீதிமன்றம் பார்க்கும். மதிப்பீட்டு அறிக்கை, பள்ளிச் செலவு, வீட்டின் நிலை எல்லாம் காட்ட வேண்டும். அனுமதி கொடுக்கும்போது பெரும்பாலும் அவளுடைய பங்கை 18 வயது வரை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்வார்கள். உத்தரவில் குறைந்தபட்ச விலையைக் குறிப்பிடுவதும் உண்டு, அதற்குக் கீழே விற்க முடியாது. மாதக்கணக்கில் ஆகும். இரண்டாவது வழி, அவள் மேஜர் ஆகும் வரை காத்திருப்பது.

இந்த அனுமதி கைக்கு வராமல் அட்வான்ஸ் வாங்குவது உங்கள் கழுத்துக்கு நீங்களே கயிறு. "மூன்று மாதத்தில் கிரயம்" என்று அக்ரிமென்டில் எழுதிவிடுவீர்கள். நீதிமன்றத்துக்கு உங்கள் மூன்று மாதம் தெரியாது.

#13 சேலையூரான்

இன்று அண்ணியிடம் பேசினேன். அவருக்கு இதெல்லாம் தெரிந்தே இருக்கிறது! அண்ணனின் பி.எஃப். வாங்கும்போதே யாரோ சொன்னார்களாம். அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும் என்கிறார், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பிள்ளைப் பணம்.

வில்லங்கமும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. 1990இல் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கு அடமானம் என்று பதிவு இருக்கிறது. அப்பா அந்தக் கடனைக் கட்டி முடித்துப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிவிட்டார், அதனால்தான் அசல் எங்களிடம் இருக்கிறது. இது பிரச்சினையா?

#14 பத்திரப்பித்தன்

கடன் தீர்ந்தது உங்களுக்குத் தெரியும், வில்லங்கத்துக்குத் தெரியாது. அடமானம் பதிவான ஆவணம் என்றால், தீர்ந்ததற்கு ரசீதுப் பத்திரம் ஒன்றும் பதிவாகியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பலர் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், ரசீதைப் பதிவு செய்ய மாட்டார்கள். சங்கம் இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் கணக்கு முடிந்த சான்று வாங்கி, சங்கத்தின் அதிகாரி கையெழுத்தோடு ரசீது பதியலாம். கலைக்கப்பட்டிருந்தால் கலைப்பு அலுவலர் யார் என்று கூட்டுறவு வீட்டுவசதித் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அப்பாவின் பழைய பெட்டியில் சங்கத்தின் பாஸ்புக், கடைசித் தவணை ரசீது ஏதாவது இருக்கும், குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

#15 கூடல் வழக்கறிஞர்

வங்கிக் கடன் உள்ளவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. கடன் முழுதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, சொத்தின் மேல் பதிவான கடன் பொறுப்பையும் நீக்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, 1.12.2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதை மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள், லாக்கர் சாவி வேகமாகக் கிடைக்கும்.

#16 புலப்படம்

நில அளவைத் துறையில் இருந்தவன். பட்டாவைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா பெயரில் பட்டா இருப்பது நல்லது, ஆனால் இறந்தவர் பெயரில் இருக்கிறது. எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப்பட்டா போடுவது கட்டாயம் இல்லை, கிரயத்துக்குப் பிறகு வாங்குபவர் பெயருக்கு நேராக மாற்றலாம். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது பெயரை விட அளவை. பத்திரத்தில் 2,400 சதுர அடி என்று இருக்கும். பட்டாவில், நகர நில அளவைப் பதிவேட்டில், சதுர மீட்டரில் இருக்கும். 2,400 சதுர அடி என்றால் ஏறத்தாழ 223 சதுர மீட்டர். பதிவேட்டில் 215 என்று இருந்தால் வாங்குகிறவர் 215க்குத்தான் பணம் தருவேன் என்பார், அதில் நியாயமும் இருக்கிறது. சாலைக்கு விட்டது, பக்கத்து மதில் உள்ளே வந்தது, இப்படிக் காரணம் இருக்கும். ஒரு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். நான்கு மாலும் (எல்லைகளும்) பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். 1984இல் "வடக்கே காலி மனை" என்று எழுதியிருப்பார்கள், இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கும், அது பரவாயில்லை. சர்வே எண்ணே மாறியிருந்தால்தான் பழைய எண், புதிய எண் இரண்டையும் இணைத்துக் காட்ட ஆவணம் வேண்டும்.

லேஅவுட் அப்ரூவல், அதாவது மனைப்பிரிவுக்கான அங்கீகாரம், என்ன?

#17 சேலையூரான்

பஞ்சாயத்து அப்ரூவல் என்று அம்மா சொல்கிறார். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எண் எதுவும் பத்திரத்தில் இல்லை. கீழ்வீட்டுக்கு பிளான் இருக்கிறது. மாடிக்கு எடுக்கவில்லை, ஆனால் வீட்டுவரி இரண்டு மாடிக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

#18 கூடல் வழக்கறிஞர்

பதிவுக்கு இதனால் தடை வராது. அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு 2016 அக்டோபர் 20 முதல் தடை வந்தாலும், அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான மனையை மறுவிற்பனை செய்யலாம். உங்களுடையது 1984. சிக்கல் வங்கியில்தான். பல வங்கிகள் 2017 திட்டத்தின்படி மனை வரன்முறை உத்தரவை, அதாவது அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்தும் உத்தரவை, கேட்கும். முதலில் லேஅவுட் முழுமைக்கும் கொள்கை அளவில் ஒப்புதல், பிறகு தனி மனைக்கு உத்தரவு என்று போகும் அது. உங்கள் தெருவில் யாராவது சமீபத்தில் கடனில் வீடு விற்றிருந்தால் அவர்களிடம் கேளுங்கள், லேஅவுட் ஒப்புதல் ஏற்கெனவே வந்திருக்கும்.

மாடியைப் பற்றி ஒளிக்க வேண்டாம். வீட்டுவரி ரசீது கட்டட அனுமதி ஆகாது. வங்கி மதிப்பீட்டாளர் பிளானில் உள்ள பரப்பைத்தான் கணக்கில் எடுப்பார், அதனால் வாங்குபவருக்குக் கடன் குறையும். இதை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55, உரிமையில் உள்ள குறையையும் கண்ணுக்குத் தெரியாத குறையையும் விற்பவர் தானாகவே சொல்ல வேண்டும் என்கிறது. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்பது வாதமாகாது.

#19 சிங்கைக்காரி

அக்கா சிங்கப்பூரில் இருக்கிறார் என்றதால் வந்தேன். போன ஆண்டு எங்கள் வீட்டுப் பங்குக்கு நானும் இதைச் செய்தேன். வர முடியவில்லை என்றால் பவர் (அவர் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாம். இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்க வேண்டும். அந்தப் பேப்பர் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் காட்டி முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதை விட்டுவிட்டுப் பலர் திண்டாடுகிறார்கள். என் தம்பி கூரியர் உறையைக்கூடத் தேதிக்காகப் பத்திரமாக வைத்திருந்தான்.

பவரில் "என் எல்லாச் சொத்துக்கும்" என்று பொதுவாக எழுதாமல், இந்த வீட்டின் சர்வே எண், அளவு, உங்கள் அக்காவின் பங்கு என்று குறித்து எழுதுங்கள். கிரயத்தன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்குச் சான்றும் கேட்பார்கள், அதை ரொம்ப முன்கூட்டியே வாங்கி வைத்தால் பயனில்லை. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பான் கார்டில் ஒரு பெயர், வாரிசுச் சான்றில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல், இந்தத் தொல்லை பெண்களுக்கு நிச்சயம் உண்டு. அதற்கு இப்போதே ஒரு வழி பண்ணச் சொல்லுங்கள்.

#20 கணக்குப்பிள்ளை

வரியையும் பேசிவிடுவோம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குகிறவர் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவார். முன்பு ஆளுக்கு ஆள் பங்கைப் பிரித்து "என் பங்கு 50க்குக் கீழே" என்று தப்பித்தார்கள். 2024 அக்டோபர் முதல் மொத்த விலையைத்தான் பார்க்கிறார்கள்.

இது உள்நாட்டில் இருப்பவர்களுக்கு. அக்கா வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்குக் கணக்கே வேறு. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். லாபம் எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, அதனால் முழுத் தொகைக்கும் பிடித்துவிடுவார்கள். குறைவாகப் பிடிக்க வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம், ஆனால் அதற்கு விற்பனை அக்ரிமென்ட் கேட்பார்கள். ஆக அக்ரிமென்டுக்கும் கிரயத்துக்கும் நடுவில் இதற்கு இடைவெளி விடுங்கள்.

அப்பா 1984இல் வாங்கியதால் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பை (பதிவுக்கு அரசு வைத்த மதிப்பை) தாண்டக் கூடாது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 மதிப்பீட்டு அறிக்கை ஒன்று வாங்கி வையுங்கள். வீட்டை விற்று, வாங்கியவர் அதை இடித்த பிறகு மதிப்பீட்டாளரைக் கூட்டிப்போய் எதைக் காட்டுவீர்கள்? உள்நாட்டில் இருக்கும் நீங்கள் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதமா, அது இல்லாமல் 12.5ஆ என்று எது குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். அக்காவுக்கு அந்தத் தேர்வு கிடையாது.

இன்னொன்று, "கொஞ்சம் கறுப்பாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வருகிறவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம். மைனர் பங்கு நீதிமன்ற உத்தரவோடு வரும் கிரயத்தில் அந்தப் பேச்சே ஆபத்து.

#21 இடம்பொருள்

எல்லாம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? இதெல்லாம் முடிய ஒரு வருடம் ஆகும். வீடு பூட்டிக் கிடந்தால் கீழ்வீட்டில் கரையான் பிடிக்கும். என்ன விலை போகும் என்று தெரியாமல் நீதிமன்றத்தில் எந்த மதிப்பைக் காட்டுவார்கள்? வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டுவதில் தப்பில்லை.

#22 பத்திரப்பித்தன்

காட்டலாம் தம்பி, இதில் நீங்கள் சொல்வது நியாயம். விலை விசாரிக்கலாம். டோக்கன் என்று பத்தாயிரம்கூட வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

காரணம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை அக்ரிமென்டைப் பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். நாளைக்கு நீதிமன்ற அனுமதி தாமதமாகி, வாங்க வந்தவர் கோபித்துக்கொண்டு போனால், அவர் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அது இறங்கும். போடாமல் இழுத்தடித்தால் வேறு யாருக்கும் விற்க முடியாது. பதியாமல் வெள்ளைத்தாளில் எழுதினால் பிரச்சினை இல்லை என்றும் நினைக்காதீர்கள்.

#23 கூடல் வழக்கறிஞர்

ஆமாம், பதியாத அக்ரிமென்டையும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெள்ளைத்தாளும் கடிக்கும்.

#24 மதுரை மைனர்

அசல் பத்திரம் தொலைந்தவர்கள் என்ன செய்வது? உச்ச நீதிமன்றம் அசல் தேவையில்லை என்று சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்ததே.

#25 கூடல் வழக்கறிஞர்

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ-வின் ஒரு பகுதியை, அதாவது முன் ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற பகுதியை, உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே மாதம் சட்டத்தையே திருத்தச் சட்டமன்றத்தில் மசோதா வந்துவிட்டது. அது எப்படிப் போனாலும் வங்கி அசலைக் கேட்கும். தொலைந்தால் காவல்துறையில் புகார், நாளிதழ் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல், இதுதான் வழி. தேடிப் பார்க்காமலே "தொலைந்துவிட்டது" என்று விளம்பரம் கொடுத்துவிடாதீர்கள். தனியாரிடம் அடகு வைத்திருப்பாரோ என்ற சந்தேகம் முதலில் எனக்கே வரும்.

#26 சேலையூரான்

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு செய்திருப்பது: போர்டு கிடையாது. இந்த ஞாயிறு அம்மாவை அழைத்துக்கொண்டு விழுப்புரம் போய் சித்தப்பாவைப் பார்க்கிறோம், அத்தையையும் அங்கேயே வரச் சொல்லியிருக்கிறேன். 1/15 கணக்கை நானே சொல்லிவிடப் போகிறேன். வேறு யாரோ சொல்லித் தெரிய வேண்டாம். பாட்டியின் வாரிசுச் சான்றுக்கு விழுப்புரத்திலும், அண்ணனுடையதற்குத் திருச்சியிலும் விண்ணப்பிக்கிறோம். சங்கத்தின் பாஸ்புக் கிடைத்துவிட்டது, கடைசித் தவணை 2004. மாடியில் இருப்பவர்களிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், வாடகை ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது.

ஒரே சந்தேகம். நீதிமன்ற மனுவை இப்போதே போடலாமா, வாரிசுச் சான்றுகள் வந்த பிறகா?

#27 கூடல் வழக்கறிஞர்

சான்றுகள் வந்த பிறகு. பங்கு எவ்வளவு என்று காட்டாமல் மனு நிற்காது. அதுவரை சும்மா இருக்காமல் செங்கல்பட்டில் ஒரு வக்கீலைப் பார்த்து 1975 முதல் உள்ள வில்லங்கத்தையும் பத்திரங்களையும் கொடுத்து லீகல் ஒப்பீனியன் எழுதி வாங்குங்கள். சில ஆயிரம் ஆகும். அண்ணியின் மனுவையும் அவரே போடலாம். வாடகை ஒப்பந்தம் 2017 வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவானதா என்று பாருங்கள், அதன் நகலும் ஃபைலில் இருக்கட்டும்.

#28 பத்திரப்பித்தன்

சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது ஆதார், பான் நகல் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள் தம்பி. அதை அடுத்த தடவை கேளுங்கள்.